கப்பலுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது

எங்கள் தாத்தா மாடு வாங்கப் போனால் கூட என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வாயைப் பிளந்து பல் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று வயது கணக்குப் போடுவார். பிறகு மாட்டைச் சுற்றி வந்து சுழி பார்ப்பார். கடைசியாகத் தரகரிடம், "ஓட்டிக் காட்டுங்க" என்பார். அதிலும் வெறும் ஓட்டம் போதாது, நுகத்தில் பூட்டிப் பாரம் இழுக்கவைத்துப் பார்க்க வேண்டும். "சும்மா நடந்தா எல்லா மாடும் நல்ல மாடுதான்டா" என்பது அவர் கட்சி.

உடையார்பாளையத்துக்காரனுக்கு மாடு தெரியும், முந்திரி தெரியும், செகண்ட்ஹேண்ட் டிராக்டர் தெரியும். கடல் தெரியாது. எங்களுக்கும் ஒரு காலத்தில் கடல் இருந்தது, ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றைக்கும் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைக்கின்றன. ஊருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் தலைநகரம், ஆனால் அங்கிருந்தும் அலை சத்தம் கேட்காது. இந்த ஊரில் பிறந்து, பி.இ. படித்து, கம்ப்யூட்டர் முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவன் பழைய படகு வாங்குவதைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன், நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் தம்பி இன்னும் கடல் தொழிலில்தான் இருக்கிறார். அடுத்தவர் படகில் கூலிக்குப் போய் அலுத்துப்போய், சொந்தமாக ஒரு பழைய ஃபைபர் படகு வாங்க நினைத்தார். அண்ணன் அனுப்பும் பணம் பாதி, மீதிக்கு மனைவியின் நகை மொத்தமும் அடகு. நண்பன் எனக்கு போன் செய்து, "நீ ஒரு எட்டு போய்ப் பாருடா, நீயும் இன்ஜினியர்தானே" என்றான். நான் எழுதும் ப்ரோக்ராமுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "கூட ஒரு படிச்ச ஆளு நின்னா தரகர் கொஞ்சம் பயப்படுவான்" என்றான். ஆக, நான் போனது திருஷ்டி பொம்மையாக.

போன இடத்தில் என்னை யாரும் மதிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தவர் நண்பனின் சித்தப்பா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். படகு மணலில் ஏற்றி வைத்திருந்தது. அவர் படகைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் டீசல் இன்ஜின் மேல் கையை வைத்தார்.

"இன்ஜின் சூடா இருக்கே தம்பி."

"காலையில சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம் பெரியவரே" என்றார் விற்கிறவர்.

"அப்ப சரி. டீ குடிச்சிட்டு வருவோம்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு விளங்கவில்லை. நண்பனின் தம்பிதான் சொன்னார்: "சூடான இன்ஜின் தட்டின உடனே எடுத்துரும்ணே. ஆறின இன்ஜின்தான் நிஜத்தைச் சொல்லும்."

ஆறிய பிறகு நாலு சுற்று சுற்றியும் எடுக்கவில்லை. ஐந்தாவதில் எடுத்தது, நீலம் பாய்ந்த புகையோடு. நீலப் புகை என்றால் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று எனக்கும் தெரியும், பைக் வைத்திருக்கிறேனே. சித்தப்பா ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரூபாய்க் காசை எடுத்து, அணியத்திலிருந்து ஆரம்பித்து உடம்பு முழுக்க டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் செத்துவிடும். இன்ஜின் மாட்டும் பின்பக்கத்தில் ஃபைபருக்குள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியே பெயின்ட் புதுசாகத்தான் தெரியும். அந்த இடத்தில் காசு இரண்டு தரம் செத்த சத்தம் போட்டது.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. விற்கிறவர் இரண்டு பேர் வந்தால் போதும் என்றார். சித்தப்பா கரையில் நின்ற பையன்களையும் ஏற்றி ஏழு பேராக்கி, போதாதென்று நாலு மூட்டை மணலையும் தூக்கிப் போடச் சொன்னார். "வெறும் படகு யாரு ஓட்டினாலும் ஓடும். வலையும் ஐஸும் மீனும் ஏத்தினா ஓடுதான்னு பாக்கணும்." எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கடலுக்குள் போய் நேராக ஓட்டினார், சட்டென்று திருப்பினார், அலைக்குக் குறுக்காக நிறுத்தினார். திரும்பி வந்ததும் அடியில் தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முந்தின நாள் மழை. உப்பில்லாவிட்டால் மழைத்தண்ணீர். உப்பாக இருந்தால் எங்கேயோ ஓட்டை. அலைத் துளியும் உப்புதானே என்று கேட்டேன். "அதுக்குத்தான் கெளம்புறதுக்கு முன்னாடியும் ஒரு வாட்டி நக்கிப் பாத்தேன்" என்றார். அவர் அதைச் செய்ததை நான் கவனிக்கவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. உதவி செய்ய வந்த அமைப்புகள் வரிசையாகப் படகு கொடுத்தன. அவசரத்தில் செய்ததில் நல்லதும் உண்டு, சொத்தையும் உண்டு. காசால் தட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் தனக்கு அதிகமாகப் பயன்பட்டது என்றார் சித்தப்பா. மரப்படகுக் காலத்தில் தட்டுவது சுத்தியலால். காது மட்டும் அதே காது.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. நம் ஆட்கள் கப்பல் கட்டியது பற்றி நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். பழைய கப்பலை எப்படிப் பார்த்து வாங்கினார்கள் என்று யாரும் பேசுவதில்லை. கட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்று என்றால், வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியது இரண்டு: கப்பலும் தெரிய வேண்டும், விற்கிற ஆளின் மனசும் தெரிய வேண்டும்.

முதலில் கையில் சிக்கியது 'கப்பல் சாத்திரம்'. சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துச் சுவடியிலிருந்து 1950-ல் அச்சான சின்ன நூல். கட்டுமானக் கையேடு என்று நினைத்துத் திறந்தால், பாதிக்கு மேல் சகுனம். ஏராவில், அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தில், எந்த இடத்தில் கணு இருந்தால் உடையவனுக்கு நல்லது, எந்த இடத்தில் இருந்தால் கேடு என்கிற ரீதியில் போகிறது. முதலில் படித்தபோது சலிப்பாகத்தான் இருந்தது. சித்தப்பாவைப் பார்த்த பிறகு வேறு மாதிரித் தெரிகிறது.

இது அப்படியே மாட்டுச் சுழி. கணு என்பது மரத்தில் கிளை பிறந்த இடம். அங்கே நார் வளைந்து போகும், வலு குறையும், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அடிமரத்தின் நட்டநடுவில் கணு இருக்கும் கப்பலை வாங்க யோசிப்பதற்கு ஜோசியம் தேவையில்லை. சாத்திரம் சொல்லும் பலன்களில் எத்தனை மரவேலை அறிவு, எத்தனை வெறும் நம்பிக்கை என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: சாத்திரத்தை நம்புகிறவன் ஏரா முழுக்கக் குனிந்து, ஒரு முழம் விடாமல் கணு தேடியிருப்பான். சுழி பார்க்கிற சாக்கில் தாத்தா மாட்டை நாலு பக்கமும் சுற்றிவந்து, நொண்டலையும் புண்ணையும் கண்டுபிடித்தது மாதிரி. எங்கள் ஆபீஸில் இதைச் செக்லிஸ்ட் என்போம். அதில் பாதி வரி எதற்கென்றே யாருக்கும் தெரியாது, ஆனாலும் டிக் போடப் போகும்போதுதான் உண்மையான கோளாறு கண்ணில் படும்.

மேற்கே இதே வேலை வேறு வழியில் போனது. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக்கடையில் கூடிய வியாபாரிகளுக்கும் கப்பல் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் ஒரே தலைவலி. பார்க்காத கப்பலுக்கு எந்த நம்பிக்கையில் பணம் கட்டுவது? 1760-ல் அதற்காக ஒரு சங்கம் அமைத்து, 1764-ல் கப்பல்களின் தரவரிசைப் புத்தகம் போட ஆரம்பித்தார்கள். உடலுக்கு ஒரு எழுத்து, கயிறு, நங்கூரம் முதலான சாமான்களுக்கு ஒரு குறி. நாம் இன்றைக்கும் "ஏ ஒன் சரக்கு" என்கிறோமே, அது அந்தப் புத்தகத்து வழக்கு. காப்பிக்கடையில் தொடங்கியது நீராவிக் காலத்தில் பெரிய தொழிலாகிவிட்டது. கப்பலை உலர் துறையில் ஏற்றுவார்கள். இரும்புத் தகட்டில் சின்னத் துளை போட்டு, துரு தின்றது போக எவ்வளவு கனம் மிச்சம் என்று அளப்பார்கள். பாய்லரைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் வெள்ளோட்டம், அளந்து குறித்த ஒரு மைல் தூரத்தை எத்தனை நிமிடத்தில் கடக்கிறது என்று.

அங்கேயும் தரகு வேலை உண்டு. வெள்ளோட்டத்தன்று பொறுக்கி எடுத்த நல்ல நிலக்கரி, கைதேர்ந்த கரி தள்ளுகிறவர்கள், சுரண்டிச் சுத்தமாக்கிய அடிப்பாகம், காலியான சரக்கு அறை. அன்றைக்கு ஓடிய வேகத்தில் அந்தக் கப்பல் மறுபடி ஓடாது. நாகப்பட்டினத்துச் சூடான இன்ஜின்தான் இது, அளவு பெரிது.

சரி, இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். தமிழ்நாட்டில் கப்பல் வாங்கியது என்றாலே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும்.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே தேவர். உதவிச் செயலாளர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து தூத்துக்குடி, கொழும்பு இடையே விட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கொடுத்த நெருக்குதலில் ஷா லைன் கையை விரித்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஒப்பேற்றினார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் எந்த நேரமும் கழுத்தை நெரிப்பார்கள் என்று புரிந்த பிறகுதான் வ.உ.சி. வடக்கே கிளம்பினார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலிலேயே விழுந்து உயிரை விடுவேன் என்று அவர் சொன்னதாகச் சொல்லப்படும் சபதம் எல்லோருக்கும் தெரியும். 1907-ல் எஸ்.எஸ். காலியா வந்தது. எஸ். வேதமூர்த்தி பிரான்ஸ் போய் ஏற்பாடு செய்த எஸ்.எஸ். லாவோவும் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். சபதத்தில் மயிர்க்கூச்செறிந்து, அப்படியே கப்பல் வந்து நிற்கும் காட்சிக்குத் தாவிவிடுவோம். நடுவில் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஒரு வக்கீல், ஒரு ஜமீன்தார், கொஞ்சம் வியாபாரிகள் சேர்ந்து நீராவிக் கப்பலைத் தேடி, பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் பாய்லருக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அவை பழைய கப்பல்கள் என்பதை முதலில் எனக்குச் சொன்னது பெயர்கள்தான். காலியா என்பது பிரான்ஸ் தேசத்துக்கான லத்தீன் பெயர். லாவோ இன்னும் சுவாரசியம். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டில் கடைசியில் 'ஓ', 'ஈ' என்று இரண்டு எழுத்து சேர்ந்து வரும். டச்சுக்காரர்கள் 'உ' ஓசையை அப்படித்தான் எழுதுவார்கள். அப்படிப் படித்தால் அது 'லாவு'. ஜாவாத் தீவின் நடுவே, மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான ஓர் எரிமலை இருக்கிறது. அதன் பெயர் லாவு, டச்சு ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்டது இதே எழுத்துக்கூட்டில். அந்நியக் கப்பலை விரட்டக் கிளம்பிய தூத்துக்குடிக் கம்பெனி, புதிதாகக் கட்டச் சொன்ன கப்பலுக்கு இந்தப் பெயரை வைத்திருக்குமா? முந்தைய வாழ்க்கையில் வைத்த பெயரோடு வந்து சேர்ந்த கப்பல்கள் இவை என்பது என் கணிப்பு. காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. கம்பெனி பதிவாகி ஒரு வருடத்துக்குள், அதுவும் நடுவில் வாடகைக் கப்பல்களோடு மல்லுக்கட்டிய பிறகு, இவ்வளவு பெரிய கப்பலைச் சொல்லிக் கட்டி எடுத்துவர நேரமில்லை. கிடைப்பதில் நல்லதைப் பார்த்து வாங்கத்தான் முடியும்.

வ.உ.சி. வக்கீல் என்பதை இங்கே மறக்கக்கூடாது. அன்றைக்குச் சரக்கு விற்பனைக்குத் தனிச் சட்டம் கிடையாது, அது வந்தது 1930-ல். 1872-ன் ஒப்பந்தச் சட்டத்துக்குள்ளேயே விற்பனை பற்றிய பகுதியும் இருந்தது. பார்த்து வாங்கினால் பார்த்த கண்ணுக்குத்தான் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. போதாததற்கு, 1884-ன் இந்திய நீராவிக் கப்பல் சட்டப்படி பயணிகளை ஏற்ற சர்வே சான்றிதழ் வேண்டும். கொடுப்பது சர்க்கார் ஆள். சர்க்காரோ யார் பக்கம் என்று ஊருக்கே தெரியும். மட்டமான கப்பலை வாங்கி வந்திருந்தால் ஒரு கையெழுத்தை நிறுத்தியே கம்பெனியை முதல் மாதத்தில் படுக்க வைத்திருக்கலாம். அது நடக்கவில்லை, கப்பல்கள் ஓடின. இரண்டும் தலைக்கு 42 முதல் வகுப்பு, 24 இரண்டாம் வகுப்பு, 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டையும் ஏற்றக்கூடியவை என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய கப்பல் வாங்கிய முறையில், என் பார்வையில், அவர்கள் தேறிவிட்டார்கள்.

அப்புறம் பாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனை வந்தது. அதை ஏற்றியது எதிராளி.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. இலவசமாகவே வாருங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று அவர்கள் இறங்கினார்கள். குடை கதையைச் சொல்லிச் சிரிப்போம். கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. டிக்கெட் இலவசமானாலும் நிலக்கரி இலவசம் ஆகாது. ஆட்கள் சம்பளம், துறைமுகக் கட்டணம், எதுவும் குறையாது. அன்றைய தூத்துக்குடியில் கரை ஓரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆளையும் சரக்கையும் படகில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு வேறு. நூற்றுக்கு மேல் கப்பல் வைத்திருந்த கம்பெனிக்கு ஒரு சின்ன வழித்தடத்தில் வரும் நஷ்டம் கொசுக்கடி. இரண்டே கப்பல் வைத்திருந்தவர்களுக்கு அதுதான் முழு உயிர். எந்த சர்வேயரும் தகட்டில் துளை போட்டு இதை அளந்து சொல்ல முடியாது.

ஆனாலும் கட்டணப் போட்டியில் மட்டும் அவர்கள் விழவில்லை. கோரல் மில் வேலைநிறுத்தம், பொதுக்கூட்டங்கள், 1908 மார்ச் 12-ல் கைது, ஜூலை 7-ல் தீர்ப்பு. கம்பெனியை உள்ளும் வெளியும் தெரிந்த ஆள் ஜெயிலில் செக்கிழுக்கும்போது கப்பலை யார் பார்ப்பது? 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் ஏலத்தில் போட்டியாளர்களிடமே போயின. 25 ரூபாய் போட்டுப் பங்கு வாங்கியவர்களை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து 25 ரூபாய் என்பது எத்தனையோ குடும்பங்களுக்கு மாதக்கணக்கான சம்பாத்தியம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாங்கல் முப்பது வருடம் கழித்து இலங்கையில் நடந்தது. இதில் தமிழர்கள் விற்கும் பக்கம்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்று ஒரு அமெரிக்கர். 1928-லிருந்து 1931 வரை, 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' என்ற பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். 1934-ல் கலாபகஸ் தீவில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தபோது அமெரிக்கக் கடற்படை விமானமும் போர்க்கப்பலும் அனுப்பிக் காப்பாற்றியது. உயிர் பிழைத்தார், படகு போய்விட்டது. அப்படிப்பட்ட மனிதர் இலங்கையில் ஒரு கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டார். அதன் பெயர் அன்னபூரணி அம்மாள். 1930-ல் வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி, கட்டியது வேப்ப மரத்தில் என்பார்கள்.

அமெரிக்கப் பணக்காரர் வேப்ப மரக் கப்பலை வாங்குவதா என்று தோன்றும். வேம்பின் கசப்பு சாதாரணமாகப் பூச்சியை அண்டவிடாது. மரக்கப்பலுக்குப் புயலைவிடப் பெரிய எதிரி கப்பல்புழு, வெளியே ஊசித்துளை, உள்ளே தேன்கூடு. பழைய மரக்கப்பலைப் பார்க்கிறவன் நீர்மட்டத்துக்குக் கீழே கத்திமுனையால் குத்திப் பார்ப்பது இதற்காகத்தான். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை எப்போது கடைசியாக நடந்தது என்று கேட்பார்கள். ராபின்சன் எங்கெங்கே குத்திப் பார்த்தாரோ, உலகம் சுற்றிய கண் அது. ஏழெட்டு வயதான கப்பலை வாங்கிவிட்டார். வாங்கி, மனைவி ஃபுளோரன்ஸின் பெயரை வைத்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னைக் கவர்ந்தது. கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை வல்வெட்டித்துறை ஆட்களிடமே விட்டார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய தமிழ் மாலுமிகளும் ஏறினார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அப்புறம் அட்லாண்டிக். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நியூ இங்கிலாந்து மீனவ ஊரில் வேட்டி கட்டிய தமிழர்கள் இறங்கியதை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று கற்பனை செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பழைய கப்பலில் எந்தப் பலகை முனகும், எந்தக் காற்றுக்கு எந்தப் பாயைச் சுருட்ட வேண்டும் என்பது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. ஓட்டின ஆட்களிடம்தான் இருக்கும். ராபின்சன் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த கம்பெனியில் பழைய ப்ரோக்ராமைக் கையில் கொடுத்து, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

நாகப்பட்டினத்துப் படகு என்னாயிற்று என்று கேட்பீர்கள். சித்தப்பா படகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்பக்கம் மக்கின மரத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க என்ன செலவு, இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க என்ன செலவு என்று விரல் விட்டு எண்ணி, அந்தத் தொகையைக் கேட்ட விலையில் கழித்துச் சொன்னார். தரகர் குதித்தார். விற்கிறவர் குதிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் பெண் கல்யாணம் என்று பிறகு தெரிந்தது. மூன்று நாள் இழுத்து, நடுவில் ஒரு விலைக்கு முடிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் சித்தப்பா போட்டார்: இத்தனை வருஷம் அந்தப் படகில் போன ஆள் ஒருத்தர் முதல் பத்து நாள் தம்பியோடு கடலுக்கு வர வேண்டும், கூலி உண்டு.

போன வாரம் தம்பி போன் செய்தார். பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்ற மீன்வளத் துறை ஆபீஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறாராம். படகில் எழுதியிருப்பது விற்றவருடைய மகளின் பெயர். "அத அழிச்சிட்டு எம் பொண்ணு பேரு எழுதலாமாண்ணே, இல்ல அப்படியே விட்டுரலாமா?" என்று கேட்டார். காலியாவையும் லாவுவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயின்ட் வெலையும் ஏறிப்போச்சு, இருக்கட்டும்ணே" என்று வைத்துவிட்டார்.